மை அரித்த பழைய காகித ஆவணங்களைப் பேணும் முறை

பழைய கடிதம் ஒன்றையோ பதிவேட்டின் தாள் ஒன்றையோ ஒளிமேசையின் மீது வைத்துப் பார்க்கும்போது, எழுத்தின் வளைவையும் சுழிப்பையும் அப்படியே பின்பற்றி மெல்லிய பிளவுகள் தெரிந்தால், அது பூச்சியின் வேலையன்று. எழுதப் பயன்பட்ட மையே காகிதத்தை அரித்திருக்கிறது. மாசிக்காயின் சாற்றோடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கலந்து, பிசின் சேர்த்து ஆக்கப்பட்ட இரும்பு மை, இடைக்காலம் தொட்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவின் முதன்மையான எழுதுமையாக இருந்தது. அரசாணைகள், நிலப் பத்திரங்கள், திருமணப் பதிவேடுகள், வணிகக் கணக்குகள், இசைப்படிகள், கோட்டோவியங்கள் என உலகெங்கும் ஆவணக் காப்பகங்களில் உள்ளவற்றில் பெரும்பகுதி இந்த மையால் எழுதப்பட்டதே. அவற்றில் பல இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இரும்பு மை என்றதுமே அழிவு உறுதி என்று எண்ணிச் செயலில் இறங்குவது, பெரும்பாலும் மையைவிடக் கூடுதலான தீங்கைச் செய்கிறது.

இந்தத் தீங்குகளில் பெரும்பாலானவை ஈரத்தின் வழியாகவே வருகின்றன. மை அரிப்புக்குக் காரணமான அமிலமும் இரும்பு அயனிகளும் நீரில் கரையக்கூடியவை. தாள் முழுவதையும் போதுமான அளவு நீரில் மூழ்கவைத்து அவற்றை வெளியேற்றினால் நீர் மருந்தாகிறது. ஓரளவு மட்டும் ஈரப்படுத்தினால் அவை வெளியேறாமல், எழுதப்படாத நல்ல பகுதிக்குள் பரவி அங்கும் அரிப்பைத் தொடங்குகின்றன. ஆகவே முழுமையாகக் கழுவுவது அல்லது ஏறக்குறைய ஈரமே படாமல் வேலை செய்வது என்ற இரண்டில் ஒன்றைத்தான் பேணுநர் தேர்ந்தெடுக்க வேண்டும். நீராவி காட்டிச் சுருக்கம் நீக்குவது, பசை தடவி முழுத்தாளுக்கும் பின்னொட்டு ஒட்டுவது, ஈரத்துணியால் துடைப்பது ஆகிய வழக்கமான செயல்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுபவை. அதனால்தான் அவை இந்த ஆவணங்களுக்கு ஆகாதவை.

அரிப்பு நிகழும் விதம்

மாசிக்காயில் உள்ள டானின், அன்னபேதியாகிய ஃபெரஸ் சல்ஃபேட்டுடன் சேரும்போது முதலில் வெளிறிய நிறமுள்ள கூட்டுப்பொருள் உண்டாகிறது. எழுதிய பின் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, ஃபெரஸ் இரும்பு ஃபெர்ரிக் இரும்பாக மாற, எழுத்து கருமை அடைகிறது. இந்த வினையின் உடன்விளைவாகக் கந்தக அமிலம் உருவாகிறது. காகிதத்தின் வலிமை செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைச் சார்ந்தது. அமிலம் அந்தச் சங்கிலிகளை நீராற்பகுப்பின் மூலம் துண்டுதுண்டாக்குகிறது.

அமிலம் மட்டுமே காரணம் என்று நெடுநாள் கருதப்பட்டதால், அமிலத்தை நடுநிலையாக்கினால் போதும் என்ற எண்ணமும் நிலவியது. ஆனால் பல மைகளில், டானினோடு முழுமையாக இணையும் அளவைவிட அதிகமாக அன்னபேதி சேர்க்கப்பட்டிருந்தது. இணையாமல் தங்கிய ஃபெரஸ் அயனிகள், காகிதத்தில் சிறுகச் சிறுக உருவாகும் பெராக்சைடுகளுடன் வினைபுரிந்து மிக எளிதில் வினைபுரியும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை உண்டாக்குகின்றன. இந்த உறுப்புகள் செல்லுலோஸைத் தாக்கி ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. இரும்பு இதில் வினையூக்கியாக மட்டுமே இருப்பதால் அது செலவாவதில்லை. ஃபெர்ரிக் நிலைக்குப் போன இரும்பு மறுபடி ஃபெரஸ் நிலைக்குத் திரும்ப, சுழற்சி தொடர்கிறது. அமிலம், இரும்பு ஆகிய இரண்டையும் ஒருசேரக் கையாளாத எந்த வேதிச் சிகிச்சையும் அரைகுறையாகவே முடியும் என்பதற்கு இதுவே காரணம்.

ஒரே காலத்தில், ஒரே அலுவலகத்தில் எழுதிய இரு தாள்களில் ஒன்று பொடிந்துபோக மற்றொன்று உறுதியாக இருப்பதற்கும் விளக்கம் உண்டு. மை தயாரித்தவர் சேர்த்த அன்னபேதியின் அளவு, பேனா விட்டுச்சென்ற மையின் கனம், தாளின் தடிமன், இரு புறமும் எழுதப்பட்டதா என்பது, வைத்திருந்த இடத்தின் ஈரப்பதம் எல்லாம் இதில் பங்கு வகிக்கின்றன. கந்தைத் துணியிலிருந்து செய்து, நல்ல ஜெலட்டின் பூச்சு கொடுத்த, சுண்ணாம்புச் சத்துள்ள பழைய காகிதம் நெடுங்காலம் தாங்குகிறது. தோலில் எழுதிய ஆவணங்கள் காகிதத்தைப் போல அரிபடாமைக்கு, தோல் பதப்படுத்தலில் சுண்ணாம்பு பயன்பட்டதும் ஒரு காரணம்.

எந்த மை என்று அறிதல்

பழுப்பாகத் தெரியும் மையெல்லாம் இரும்பு மையன்று. கருப்பாக இருப்பதெல்லாம் கரி மையும் அன்று. புகைக்கரியால் ஆன மை தாளின் மேற்பரப்பில் தங்கி, எவ்வளவு காலமானாலும் கருமை மாறாமல், சுற்றிலும் கறை பரப்பாமல் இருக்கும். இரும்பு மையோ இழைகளுக்குள் ஊறும், காலப்போக்கில் பழுப்பேறும், தாளின் மறுபுறத்தில் எழுத்தின் நிழல் தெரியும். ஒரே எழுத்தில் கனமான கோடு கருமையாகவும் மெல்லிய கோடு பழுப்பாகவும் இருப்பது இந்த மையில் அடிக்கடி காணக்கூடியது.

ஐயம் இருந்தால் கருவிகள் உதவும். புற ஊதா விளக்கின் கீழ் இரும்பு மை ஒளிராமல் கரும்பட்டையாகத் தெரியும். அகச்சிவப்பு ஒளிப்படத்தில் அலைநீளம் கூடக்கூட இரும்பு மை மங்கிக்கொண்டே போய், 1000 நானோமீட்டர் அளவில் ஏறக்குறைய மறைந்துவிடும். கரி மை அப்போதும் கருப்பாகவே நிற்கும். இவை இரண்டும் தாளைத் தொடாத சோதனைகள் என்பதால் இவற்றிலிருந்து தொடங்குவதே முறை. புற ஊதா ஒளியும் காகிதத்துக்குத் தீங்குதான் என்பதால், பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

புற ஊதா ஒளி இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்கு எந்தச் சேதமும் தெரியாத தாளில்கூட, எழுத்தைச் சுற்றி வெளிறிய ஒளிர்வு வளையம் தோன்றினால், சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். சிதைவு முற்றிய இடத்தில் அந்த ஒளிர்வும் போய், வளையம் இருண்டுவிடும்.

நிலையை மதிப்பிடுதல்

நெதர்லாந்தின் பேணல் ஆய்வாளர்கள் உருவாக்கிய நான்கு படி மதிப்பீட்டைப் பல காப்பகங்கள் பின்பற்றுகின்றன. மை ஏறக்குறைய மாறாமலும், மறுபுறம் நிறம் மாறாமலோ சற்றே பழுப்பேறியோ இருந்தால் முதல் நிலை. மையைச் சுற்றியோ மறுபுறத்திலோ கரும்பழுப்பு படர்ந்திருந்தாலும் தாளில் பிளவு ஏதும் இல்லையென்றால் இரண்டாம் நிலை. மைக்கோடு வழியே விரிசல் விழுந்திருந்தால் மூன்றாம் நிலை. துண்டுகள் உதிர்ந்து எழுத்து இழக்கப்பட்டிருந்தால் நான்காம் நிலை. ஒரே தாளில் ஒரு மூலை முதல் நிலையிலும், மைக்கறை சிந்திய இடம் நான்காம் நிலையிலும் இருக்கலாம். அப்போது மோசமான இடத்தை வைத்தே தாளைக் கையாள வேண்டும்.

மதிப்பிடும்போது தாளை விரலால் வளைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இரண்டாம் நிலையில் உள்ள தாள் மூன்றாம் நிலைக்குப் போவது பெரும்பாலும் அந்த வளைப்பில்தான். ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சியும், கீழிருந்து பாய்ச்சியும், உருப்பெருக்கியால் பார்த்தும் அதே தகவலைப் பெறலாம்.

அடுத்தது ஃபெரஸ் அயனிச் சோதனை. இதற்குப் பாத்தோஃபினாந்த்ரோலின் என்னும் வேதிப்பொருள் ஊறிய சோதனைத் தாள் பயன்படுகிறது. இந்தப் பொருள் நீரில் கரையாது. எனவே சோதனைத் தாளிலிருந்து ஆவணத்துக்குள் சாயம் இறங்காது. சோதனைத் தாளிலிருந்து சிறு துண்டை வெட்டி, அயனி நீக்கிய நீரில் நனைத்து, அதிகப்படியான நீரை ஒற்றுத்தாளில் நன்றாக ஒற்றியெடுக்க வேண்டும். பின்பு அதை மைக்கோட்டின் மீது வைத்து, மேலே பாலியஸ்டர் படலத் துண்டு ஒன்றை இட்டு, ஏறத்தாழ அரை நிமிடம் விரலால் மென்மையாக அழுத்தி எடுக்க வேண்டும். கட்டற்ற ஃபெரஸ் அயனிகள் இருந்தால் துண்டு உலரும்போது இளஞ்சிவப்பு முதல் செந்நீலம் வரை நிறம் காட்டும். நிறம் வராவிட்டால் அந்தத் துண்டின் மீது ஒரு சதவீத அஸ்கார்பிக் அமிலக் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். ஃபெர்ரிக் அயனிகள் இருந்தால் அவை ஃபெரஸாக மாறி அப்போது நிறம் தரும். அந்தச் சொட்டு, ஆவணத்தின் மேலிருந்து எடுத்து அப்பால் வைத்த சோதனைத் துண்டின் மீது மட்டுமே விழ வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

சோதனைத் துண்டை ஒற்றியெடுக்காமல் நீர் சொட்டச் சொட்ட வைத்தால் எழுத்தைச் சுற்றி நீர்க்கறை உண்டாகும். சோதனையே புதிய சேதமாகிவிடும். எனவே பயனற்ற பழைய தாள் ஒன்றில் பழகிய பின்பே மதிப்புள்ள ஆவணத்தில் இதைச் செய்ய வேண்டும். சோதனை இடமாகக் கனமான மைக்கோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் இடத்தைக் குறித்துவைப்பதும் அவசியம்.

தொடுவதற்கு முன்

எந்தச் சிகிச்சைக்கும் முன்பாக ஆவணத்தின் இரு புறங்களையும் நல்ல தெளிவில் படமெடுத்துவிட வேண்டும். தாள் தட்டையாகப் படுத்திருக்க, மேலிருந்து ஒளிப்படக் கருவி படமெடுக்கும் அமைப்பே ஏற்றது. கண்ணாடியில் கவிழ்த்து மூடியால் அழுத்தும் வருடியைப் பயன்படுத்தக் கூடாது. விரிசல் விட்ட தாளைக் கவிழ்ப்பதே துண்டுகள் உதிர வழி. நான்காம் நிலையிலுள்ள தாளில் எழுத்தைக் காப்பாற்றும் உறுதியான செயல் சில சமயம் இந்தப் படம் ஒன்றுதான். படம் எடுத்துவிட்டால் படிக்க விரும்புவோர் மூலத்தைத் தொடவேண்டிய தேவையும் குறைகிறது. அதனால் கிடைக்கும் ஓய்வு மலிவான, ஆனால் மிகப் பயனுள்ள பேணல்.

தாளை நகர்த்தும்போது அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அமிலமற்ற அட்டை ஒன்றின் மீது வைத்து அட்டையோடு நகர்த்த வேண்டும். புரட்ட வேண்டுமானால் மேலே இன்னொரு அட்டையை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் புரட்ட வேண்டும். தூசியை மென்மையான தூரிகையால் எழுதப்படாத பகுதிகளில் மட்டும் துடைக்கலாம். மைக்கோட்டின் மீது அழிப்பான், பஞ்சு, உலர் துடைப்பான் எதுவும் படக்கூடாது. மடிப்போடு நெடுங்காலம் இருந்த கடிதத்தை விரிப்பதற்கு அவசரம் வேண்டாம். மடிப்பின் மீது மைக்கோடு ஓடினால் அந்த இடமே முதலில் உடையும். வளைவுகளில் மென்மையான பஞ்சுப் பொதியை இட்டு, பல நாள் சிறிது சிறிதாகத் தளர்த்துவதே பாதுகாப்பு.

விரிசல்களை ஒட்டுதல்

மூன்றாம் நிலையில் உள்ள தாளுக்கு உடனடித் தேவை, விரிசல் மேலும் பரவாமலும் துண்டு உதிராமலும் தாங்கும் சிறு ஒட்டு. இங்கே வழக்கமான மாவுப் பசை ஏற்றதன்று. அதில் உள்ள நீர் மையின் கரையும் பொருள்களை இடம்பெயர்த்துவிடும். இதற்காகவே முன்பே பசை பூசி உலர்த்திய மெல்லிய ஜப்பானியத் தாளைச் சற்றே ஈரப்படுத்தி ஒட்டும் முறை வளர்ந்தது. பசையாக ஜெலட்டினே விரும்பப்படுகிறது. அது குறைந்த ஈரத்திலேயே பிடிப்புக் கொள்கிறது. மேலும் இரும்பு அயனிகளைத் தன்னிடம் ஓரளவு பிடித்துவைக்கும் இயல்பும் அதற்கு உண்டு.

ஒட்டுத்தாள் தயாரிக்க, சதுர மீட்டருக்கு 2 முதல் 5 கிராம் வரை எடையுள்ள ஜப்பானியத் தாளைப் பாலியஸ்டர் படலத்தின் மீது விரித்து, வெதுவெதுப்பான 2 அல்லது 3 சதவீத ஜெலட்டின் கரைசலை அகன்ற தூரிகையால் சீராகப் பூசி, அப்படியே உலரவிட வேண்டும். உலர்ந்ததும் இந்தத் தாளை நெடுநாள் வைத்திருந்து வேண்டியபோது வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளலாம். பூச்சு மிகத் தடித்தால் உலரும்போது ஒட்டு இழுத்துச் சுருங்கி, பலவீனமான மைக்கோட்டை மறுபடி கிழிக்கும்.

பயன்படுத்தும்போது ஈரத்தின் அளவே எல்லாம். தட்டையான பஞ்சுத் தகட்டை நனைத்துப் பிழிந்து, அதன்மேல் ஒற்றுத்தாள் ஒன்றை விரித்து, நீர் சமமாக ஊறும்வரை காத்திருக்க வேண்டும். ஒட்டுத்துண்டைப் பசைப்புறம் கீழாக அந்த ஒற்றுத்தாளில் சில நொடி வைத்தால் ஜெலட்டின் பசபசப்பாகும். அந்த நிலையில் இடுக்கியால் எடுத்து விரிசலின் மேல் பொருத்தி, நெய்யாத பாலியஸ்டர் துணியும் உலர்ந்த ஒற்றுத்தாளும் இட்டு, சிறு எடை ஒன்றை வைக்க வேண்டும். தாளில் பளபளப்பான ஈரத்தடம் தெரிந்தால் ஈரம் அதிகம். எழுத்தின் மறுபுறத்தில் ஒட்டுவதே வழக்கம். இருபுறமும் எழுத்து இருந்தால், படிக்கத் தடையில்லாத மிக மெல்லிய தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

ஈரம் போதுமான அளவு குறைந்ததா என்பதை ஊகத்துக்கு விடக் கூடாது. பயிற்சித் தாள் ஒன்றில் இரும்பு மையால் கோடுகள் எழுதி, நன்கு உலர்ந்தபின் அதன்மேல் இதே முறையில் ஒட்டிப் பார்த்து, கோட்டுக்கு அருகிலுள்ள வெற்றிடத்தைப் பாத்தோஃபினாந்த்ரோலின் தாளால் சோதித்தால், அயனிகள் வெளியே நகர்ந்தனவா என்பது நிறத்தில் தெரிந்துவிடும். நிறம் வராத அளவுக்குக் கை பழகும்வரை மூல ஆவணத்தைத் தொடாமலிருப்பது நல்லது. ஈரம் அறவே ஆகாத ஆவணங்களுக்கு, எத்தனாலில் கரையும் ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸைப் பசையாகப் பூசிய ஒட்டுத்தாளை எத்தனாலால் உயிர்ப்பித்து ஒட்டலாம். பிடிப்பு ஜெலட்டினைவிடக் குறைவு, சில நவீன மைகளும் முத்திரைச் சாயங்களும் எத்தனாலில் கரையும் என்பதால் முன்சோதனை கட்டாயம்.

எல்லா விரிசலையும் ஒட்டவேண்டும் என்ற எண்ணத்தையும் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். இனித் தொடாமல் உறையில் கிடக்கப்போகும் தாளில் உதிரும் நிலையில் உள்ள இடங்களை மட்டும் பிடித்துவைத்தால் போதும்.

கால்சியம் ஃபைட்டேட் சிகிச்சை

அமிலத்தையும் இரும்பையும் ஒருசேரக் கையாளும் முறையாக இன்று மிகப் பரவலாக அறியப்படுவது, நெதர்லாந்தில் பேணல் ஆய்வாளர் யோஹான் நேவல் 1990களில் முன்வைத்த கால்சியம் ஃபைட்டேட், கால்சியம் பைகார்பனேட் இணைச் சிகிச்சை. ஃபைட்டிக் அமிலம் தானியங்களிலும் விதைகளிலும் இயற்கையாக உள்ள பொருள். அதன் உப்பு இரும்பு அயனிகளை இறுகப் பற்றிக்கொண்டு, அவை வினையூக்கியாகச் செயல்பட முடியாமல் செய்கிறது. அதன்பின் பைகார்பனேட் குளியல் அமிலத்தை நடுநிலையாக்கி, உலரும்போது கால்சியம் கார்பனேட்டாக இழைகளில் தங்கி, பிற்காலத்தில் உருவாகும் அமிலத்துக்கு எதிரான இருப்பாகிறது.

இது வீட்டில் செய்யும் வேலையன்று. கரைசல்களின் அளவுக் குறிப்புகளை வேண்டுமென்றே இங்கே தரவில்லை, பி.எச். அளவியும், வாயுப் போக்கியும், பயிற்சி பெற்ற கைகளும் உள்ள கூடத்தில் இருப்பவருக்கு அவை எளிதில் கிடைக்கும், இல்லாதவருக்கு அவை தேவையில்லை. எனினும் ஆவணத்தின் உரிமையாளரோ காப்பாளரோ என்ன நடக்கிறது என்பதை அறிந்திருந்தால்தான் பேணுநரிடம் சரியான கேள்விகளைக் கேட்க முடியும். ஆகவே வேலையின் போக்கை விளக்குகிறேன்.

முதலில் தாளில் உள்ள எல்லா நிறப்பொருள்களும் நீரைத் தாங்குமா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படும். வண்ணம் தீட்டிய வரைபடம், சாய மை, முத்திரைச் சாயம், அரக்கு முத்திரை, தோல், சாயமிட்ட காகிதம் ஆகியவை இருந்தால் பெரும்பாலும் இந்தச் சிகிச்சை கைவிடப்படும். நான்காம் நிலையில் துண்டுகள் உதிரும் தாளும் குளியலைத் தாங்காது. முதல் நிலையில் உள்ள தாளுக்கு இது தேவையில்லை. ஆக, சிகிச்சையால் பெரும் பயன் அடைவது இரண்டாம் நிலையும், கவனமாகத் தாங்குதுணி கொடுத்தால் மூன்றாம் நிலையின் தொடக்கமும்தான். சேதம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் ஆவணத்தையே முதலில் சிகிச்சைக்கு அனுப்பும் வழக்கம் இதற்கு நேர்மாறானது.

மை படிந்த பகுதி நீரை எளிதில் ஏற்காது. சுற்றியுள்ள காகிதம் உடனே ஊறி விரியும். இந்த வேறுபாட்டால் மைக்கோட்டின் ஓரத்தில் இழுவிசை உண்டாகிப் புதிய விரிசல் விழலாம். அதைத் தவிர்க்கவே தாள் முதலில் நீரும் எத்தனாலும் கலந்த கலவையில் நனைக்கப்படுகிறது. அதன்பின் நீரில் கழுவல், பி.எச். 5.5 முதல் 6 வரை உள்ள கால்சியம் ஃபைட்டேட் கரைசலில் ஏறத்தாழ 20 நிமிடக் குளியல், மறுபடி சோதனைத் தாளால் பரிசோதனை என வேலை நடக்கும். சோதனையில் நிறம் வந்தால் குளியல் மீண்டும் செய்யப்படும். நிறம் வராத நிலையை அடைந்த பிறகே தாளை அலசி, கால்சியம் பைகார்பனேட் கரைசலுக்கு மாற்றுவார்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. அமிலநீக்கம் முந்திவிட்டால் ஃபைட்டேட் தன் வேலையைச் சரிவரச் செய்ய முடியாது.

கால்சியம் பைகார்பனேட்டுக்குப் பதில் மிகுந்த காரத்தன்மை உள்ள கரைசலைப் பயன்படுத்தினால் கருமையான எழுத்து பழுப்பாக மாறிவிடும் என்பதால், காரத்தன்மையை மிதமாகவே வைத்துக்கொள்வது அவசியம். குளியல்களில் காகிதத்தின் பழைய ஜெலட்டின் பூச்சு கரைந்து போவதால், இறுதியில் ஏறத்தாழ ஒரு சதவீத வெதுவெதுப்பான ஜெலட்டின் கரைசலில் மறுபூச்சு கொடுத்து, நெய்யாத துணிகளுக்கும் ஒற்றுத்தாள்களுக்கும் நடுவே மென்மையான எடையில் உலர்த்துவார்கள். உலர்ந்தபின் சில மைக்கோடுகளின் மேல் வெண்படிவு தோன்றுவதுண்டு. அது ஃபைட்டேட் படிவு, மென்மையான தூரிகையால் பெரும்பாலும் அகன்றுவிடும்.

இந்தச் சிகிச்சைக்கு எல்லைகளும் உண்டு. அன்னபேதியோடு செம்பும் கலந்திருந்த மைகளில், செம்பின் வினையூக்கச் செயலை ஃபைட்டேட் நன்கு தடுப்பதில்லை. நூலாகக் கட்டப்பட்ட தாள்களைக் கட்டைப் பிரிக்காமல் குளிப்பாட்ட முடியாது. கட்டும் வரலாற்றுச் சான்று என்பதால் அதைப் பிரிப்பதே ஓர் இழப்பு. நீரில்லாத கரைப்பான்களில் புரோமைடு வகை எதிர்ஆக்சிஜனேற்றிகளைக் கொண்டு செய்யும் சிகிச்சைகள் இந்த இடைவெளிக்காகவே ஆராயப்பட்டன. ஆயினும் ஃபைட்டேட் முறைக்கு இருக்கும் நடைமுறை அனுபவம் அவற்றுக்கு இன்னும் இல்லை.

முந்தைய தலைமுறைகளின் மருந்துகள்

வத்திக்கன் நூலகத்தின் தலைவராயிருந்த ஃபிரான்ஸ் எர்லே 1898இல் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலனில் ஒரு பன்னாட்டு மாநாட்டைக் கூட்டியபோதே, மை அரிப்பு பெருங்கவலையாக இருந்தது. அதற்குப் பின் வந்த தீர்வுகள் பலவும் இன்று நீக்கவேண்டிய சிக்கல்களாகியுள்ளன. சபோன் எனப்பட்ட செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சு காலப்போக்கில் தானே சிதைந்து அமிலத்தை வெளியிட்டது. பட்டு வலையை ஒட்டுவதும் செல்லுலோஸ் அசிட்டேட் தகட்டுக்குள் வெப்பத்தால் பொதிவதும் தாளுக்கு வலிமை தந்தன. ஆனால் அரிப்பை நிறுத்தவில்லை, பின்னர் பிரிப்பதையும் கடினமாக்கின. மங்கிய எழுத்தைப் படிக்க மாசிக்காய்ச் சாற்றைத் தடவிய 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள், எழுத்தை ஒருமுறை படித்துவிட்டு, பக்கம் முழுவதையும் நிரந்தரப் பழுப்பில் ஆழ்த்திச் சென்றார்கள். பெர்லின் மாநில நூலகத்தில் உள்ள, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் கைப்பட எழுதிய இசைப்படிகளுக்குச் செய்யப்பட்டதுபோல, தாளை அதன் தடிமன்வழியே இரண்டாகப் பிளந்து நடுவில் வலுவான மெல்லிய தாளை வைத்து மீண்டும் இணைக்கும் முறையும் உண்டு. வியப்பூட்டும் திறன் என்பதில் ஐயமில்லை, ஆனால் திரும்பப் பெறமுடியாத செயல் என்பதால் வேறு வழியே இல்லாத தாள்களுக்கு மட்டும் அதை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒட்டு நாடா எந்த வடிவத்திலும் வேண்டாம். பழைய நாடா ஏற்கெனவே இருந்தால், இழுத்துப் பிய்க்காமல் அப்படியே பேணுநரிடம் கொண்டுசெல்லுங்கள்.

சேமிப்பு

பெரும்பாலான ஆவணங்களுக்குக் கொடுக்கவேண்டிய, கொடுக்கக்கூடிய ஒரே சிகிச்சை நல்ல சேமிப்புதான். வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்கு மேற்படாமலும், ஒப்பு ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரையிலும் இருப்பது விரும்பத்தக்கது. இந்த எண்களைவிட முக்கியமானது, அவை ஏறி இறங்காமல் இருப்பது. ஈரப்பதம் மாறும் ஒவ்வொரு முறையும் மையுள்ள பகுதியும் மையற்ற பகுதியும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், யாரும் தொடாத தாளில்கூட விரிசல் விழும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் நீர் ஒரு சொட்டும் விழாமலேயே அமிலமும் அயனிகளும் நகரத் தொடங்கும். பூஞ்சையோ அதற்கு முன்பே வந்துவிடும். பகலில் மட்டும் குளிரூட்டி இயங்கி இரவில் நிற்கும் அறையைவிட, குளிரூட்டியே இல்லாத, தடித்த சுவருள்ள, வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை சில நேரம் மேலானது.

ஒவ்வொரு தாளுக்கும் தனி உறை இருக்க வேண்டும். அமிலமற்ற, கார இருப்புள்ள காகிதத்தால் ஆன மடிப்புறையில் இட்டு, அவற்றை உறுதியான பெட்டியில் தட்டையாக அடுக்க வேண்டும். செங்குத்தாக நிறுத்தினால் தாள் சரிந்து வளையும். பாலியஸ்டர் படலத்துக்குள் நான்கு புறமும் மூடிப் பொதிவது அழகாகத் தெரிந்தாலும், அமிலம் நீக்கப்படாத தாளுக்கு அது ஆகாது: உள்ளே உருவாகும் அமில ஆவி வெளியேற வழியில்லை, படலத்தின் நிலைமின்சாரம் உதிரும் நிலையிலுள்ள மைத்துகள்களையும் இழுத்துவிடும். கட்டப்பட்ட நூல்களில் மோசமான பக்கங்களுக்கு இடையே மட்டும் மெல்லிய காரத்தாளை வைக்கலாம். எல்லாப் பக்கங்களுக்கும் இட்டால் நூல் தடித்து முதுகு பிளக்கும். நூலைத் திறக்கும்போது இருபுறமும் தாங்கு வைத்து, 90 பாகைக்கு மேல் விரிக்காமல் பார்ப்பது நல்லது.

வெள்ளமோ குழாய் உடைப்போ நேர்ந்து ஆவணங்கள் நனைந்துவிட்டால், அயனிகள் பரவுவதற்கு எதிரான பந்தயம் தொடங்கிவிடுகிறது. சில தாள்கள் மட்டும் என்றால் ஒற்றுத்தாள்களுக்கு நடுவே காற்றோட்டத்தில் உடனே உலர்த்தலாம். கட்டுக்கட்டாக நனைந்திருந்தால் பிரிக்க முயலாமல், நெகிழிப் பைகளில் தனித்தனியாகச் சுற்றி உறையவைத்துவிட வேண்டும். உறைந்த நிலையில் நகர்வு ஏறக்குறைய நிற்கும். பின்னர் வெற்றிட உறைஉலர்த்தல் செய்யும் கூடத்தில், பனி நீராகாமல் நேரடியாக ஆவியாகும்படி உலர்த்த முடியும்.

செய்தவற்றை எல்லாம் எழுதிவைக்க வேண்டும்: மதிப்பீட்டு நிலை, சோதித்த இடங்களும் கிடைத்த நிறமும், ஒட்டிய விரிசல்கள், பயன்படுத்திய பசையும் தாளும், குளியல்களின் எண்ணிக்கையும் நேரமும், தேதி. அந்தக் குறிப்பை அமிலமற்ற தாளில் பென்சிலால் எழுதி, ஆவணத்தின் மீது படாமல் பெட்டியின் பக்கவாட்டில் வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை அதே ஒளியில், அதே கோணத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, விரிசல் நீண்டிருக்கிறதா, மறுபுறப் பழுப்பு படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறுதல் தெரிந்தால் முதலில் அறையின் ஈரப்பதப் பதிவுகளைப் பாருங்கள், சிகிச்சையைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகு.